பீரங்கி இல்லாத பீரங்கிப் படகு

லண்டனில், ஈஸ்ட் ஹாம் பக்கத்துப் பூங்காக் குளத்தடியில்தான் ஒரு பஸ் ஓட்டுநரைக் கண்டேன். வயது அறுபது இருக்கும், ஞாயிறன்றும் சீருடைக் கோட்டு. பழைய சீனக் கடற்படையின் மர நீராவிப் பீரங்கிப் படகு ஒன்றைச் சிறிதாகச் செய்திருந்தார். அசல் படகு பிரெஞ்சுக்காரர் சுட்டு மூழ்கியதாம். இவருடையதும் இரண்டு முறை கவிழ்ந்தது. படகை விடுமுன், பஸ்ஸை எடுப்பவர்போல வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

மூன்றாம் முறை முன்தளம் வெறுமையாக இருந்தது.

“பீரங்கி எங்கை அண்ணை?”

“கழட்டிப்போட்டன். அதின்ரை பாரத்திலைதான் கவிழ்ந்தது.”

“பிறகு என்ன பீரங்கிப் படகு?”

“அக்கரைக்குப் போனால் அதுவே காணும் தம்பி.”

படகு ஆவி விட்டபடி நேராகப் போனது. அதைப் பிடிக்க, பஸ்ஸைத் தவறவிட்ட பயணிபோல, அவர் குளத்தைச் சுற்றி ஓடினார்.