இரண்டு தீவும் ஒரு போத்தல் தண்ணியும்

மொன்றியலில் நான் பார்த்துக்கொண்ட கிரேக்க அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். மகன் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நானும் அவவும்தான். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் ஒரே அளவு, கொஞ்சம். அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம். என்னை "கூக்லா" என்று கூப்பிடுவா. பொம்மை என்று அர்த்தமாம். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

எங்கள் அகதி வழக்கு முடிந்து பேப்பர் கிடைத்த அடுத்த கோடையில் அம்மா கிரேக்கத் தீவிலுள்ள தன் ஊருக்குப் போக வெளிக்கிட்டா. தனியே விடப் பயந்து மகன் என்னையும் கூட அனுப்பினார். என் கணவர் சிரித்தார்.

"மொன்றியலும் தீவுதானே. தீவிலையிருந்து தீவு பாக்கப் போறியோ?"

"ஒண்டில்லை, ரெண்டு," என்றேன்.

முதல் தீவு அம்மா பிறந்தது. கல், காற்று, வெள்ளை வீடுகள். மரமென்று சொல்ல ஒரு அத்தி, அதுவும் காற்றில் கூனிப்போய். கிணறு கிடையாது. வீட்டுக்குக் கீழே சுண்ணாம்பு பூசின ஒரு தொட்டி. மாரியில் கூரையில் விழுகிற மழை அதற்குள் இறங்கும். வருடம் முழுக்க அதுதான் தண்ணி. கோப்பை கழுவின தண்ணியைக்கூட அம்மாவின் தம்பி மனைவி செடிக்குத்தான் ஊற்றினா. நான் தொட்டி மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

புறப்படுகிற அன்று அம்மா தானே குனிந்து வாளி விட்டு, ஒரு போத்தலில் தண்ணி நிறைத்துத் துவாயில் சுற்றினா. பயணத்துக்குக் குடிக்க என்று நினைத்தேன். பக்கத்துத் தீவில் கலியாணம் கட்டியிருக்கிற அக்காவுக்கு அது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். முழங்கால் ஏலாமல் அக்கா கப்பல் ஏறிப் பல வருடம். பிறந்த வீட்டுத் தண்ணி ஒரு மிடறு வேணுமென்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டிருந்தாவாம்.

கப்பலில் ஒன்றரை மணித்தியாலம். அந்தத் தீவு ஒரே பச்சை. தெரு ஓரமெல்லாம் தண்ணி ஓடுது, தவளை கத்துது. அக்கா வீட்டுக்கு முன்னால் ஊற்று, அதன் குழாயை ஒருத்தரும் பூட்டுவதில்லை.

"அங்க இல்லாத மழை இங்க எப்பிடி?" என்று கேட்டேன்.

அம்மா மலையைக் காட்டினா. "முகில் அதிலை முட்டி இங்கேயே இறங்கிவிடும். அங்கால வர அதுக்குச் சோம்பல், கூக்லா."

அக்கா அன்று வேளைக்கே படுத்துவிட்டா. போத்தல் குசினி மேசையில் இருந்தது. விடிய எழும்பினால் பழந்தண்ணியை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணி பிடித்து வைப்பது என் பழக்கம். மொன்றியலில் பைப் தண்ணிக்கும் அப்படித்தான். வாசலில் துளசி மாதிரி மணக்கிற செடி ஒன்று தகர டின்னில் நின்றது. அதற்கு ஊற்றி, போத்தலைக் கழுவி, ஊற்றில் நிறைத்து வைத்தேன்.

அம்மா கிளாசில் வார்த்துக் கொடுக்க, அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு வாசல் ஊற்றைக் கையால் காட்டினா. அம்மா என்னைப் பார்த்தா. நான் டின்னைக் காட்டினேன்.

அம்மா கிரேக்கத்தில் கத்தினா. விளங்காதது நல்லதுதான். அக்கா கத்தவில்லை. கிளாசை வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்துவிட்டா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"நீயோ? மூலைக் கடை டெப்பனரிலை பால் கேக்கவே என்னை முன்னுக்கு விடுவாய்!"

உண்மைதான். மெட்ரோவில்கூட நான் அதுவரை தனியே ஏறினதில்லை. அம்மா ஒரு துண்டில் கிரேக்கத்தில் இரண்டு வரி எழுதித் தந்தா; நான் தண்ணியை ஊற்றின கதையும் வீட்டுக்கு வழியுமாம். கப்பலில் டிக்கெட்காரரிடம் நீட்டினேன். அவர் அதை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். கப்பலே சிரித்தது. நான் போத்தலை மடியில் வைத்து, அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது ஐந்தாறு பேர் ஒன்றாய்க் கைநீட்டி வழி காட்டினார்கள். தம்பி மனைவி துண்டைப் பார்த்துக் கண்ணில் தண்ணி வரச் சிரித்து, இரண்டு போத்தல் நிறைத்துத் தந்தா.

பின்னேரக் கப்பலில் திரும்பினேன். அக்கா ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. பிறகு ஏதோ சொன்னா.

"இப்பவும் சுண்ணாம்பு ருசியாம்," என்று அம்மா சிரித்தா. "சின்னனிலை இதுக்குத்தான் எங்கட அம்மாவோடை சண்டை பிடிப்பா."

அக்கா கிளாசை என் பக்கம் தள்ளினா. குடித்துப் பார்த்தேன். சுண்ணாம்புதான்.

அடுத்த நாள் விடிய, பழக்கம்போலத் தண்ணி மாற்றக் குசினிக்குப் போனேன். மற்றப் போத்தல் மேசையில் இருந்தது. அதன் கழுத்தில் யாரோ எனக்காகச் சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள்.