முகத்துக்குப் போட்ட டியூப் ரப்பர்

எனக்குக் குறட்டை வியாதி என்று யாராவது சொன்னால் இப்போதும் சுருக்கென்று கோபம் வரும். குறட்டை ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. எனக்கு இருப்பது தூக்கத்தில் மூச்சே நின்றுபோகும் வியாதி. ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அதற்கு மாத்திரை கிடையாதாம், ஊசி கிடையாதாம். ஒரு மிஷினைத்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு மாஸ்க். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு, மிஷின் விடாமல் காற்றை அடிக்க அடிக்க, ஒன்றும் நடக்காததுபோலத் தூங்க வேண்டும். ஐம்பத்திரண்டு வருஷம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தவனுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

நான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், செராமிக் எஸ்டேட் என்பார்கள், அங்கே அச்சு செய்கிறவன். பொம்மை, டீ கப், ஃபியூஸ் கட்டை எதுவானாலும் பிளாஸ்டரில் அதற்கு அச்சு எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் மனைவி கம்மாபுரம் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் நான் எஸ்டேட்டுக்கு வருவேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏறிய ஒரே வண்டி என்னுடையது. ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பிப்பாள். முட்டை கணக்கில் குறைந்தது, சமையலம்மாவின் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, கொத்தமல்லி வாடிப்போனது என்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வாய் ஓயாது. நடுநடுவே, "கேக்குறீங்களா?" என்று முதுகில் ஒரு இடி. சிவனே என்று ஒரு நாளாவது ஓட்டவிட மாட்டாளா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

போன வருஷம் ஒரு நாள் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது. கன்னம் வீங்கி வாய் திறக்க முடியவில்லை. அப்பாடா, இன்றைக்கு நிம்மதி என்று வண்டியை எடுத்தேன். வெயில் ஏறாத காலை, நேரான ரோடு, எதிரே வண்டிகள் அதிகம் இல்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் வயல் வாய்க்காலில் கிடக்கிறேன், வண்டி என் காலின்மேல் கிடக்கிறது, அவள் வரப்பில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிராய்ப்புதான். அவளுக்கு எலும்பு விரிசல் விட்டிருந்தது.

கட்டுப் போட்ட டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். நாய் குறுக்கே வந்தது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வீங்கிய கன்னத்தோடு சொன்னாள்: "தூங்கிட்டாரு."

"ராத்திரி குறட்டை விடுவாரா?"

"குறட்டை வந்தா பரவால்லைங்க. அது நின்னு போயிடும். பத்து, பதினஞ்சு எண்ற வரைக்கும் மூச்சே வராது. அப்பறம் நான் உலுக்கிவுடுவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். ராத்திரியில் அவள் உலுக்குவது எனக்குத் தெரியும். குறட்டைச் சத்தம் பொறுக்காமல் உலுக்குகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தலை நிறைய ஒயரை ஒட்டி, ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்தார்கள். மிஷின் வந்தது. எவ்வளவு நேரம் மாட்டுகிறேன், எவ்வளவு காற்று கசிகிறது, எத்தனை தடவை மூச்சு நிற்கிறது எல்லாவற்றையும் அது குறித்துவைக்குமாம். அந்தக் குறிப்பு நன்றாக வரும் வரைக்கும் வண்டி ஓட்டாதீர்கள் என்றார் டாக்டர். தனியாக எஸ்டேட் வரைக்கும் உருட்டிக்கொண்டு போவதை நான் விடவில்லை. ஆனால் அவள் சொன்னாள்: "மிஷினு சரியா இருக்குதுன்னு அவங்க சொல்லட்டும். அப்பதான் உங்க வண்டில ஏறுவேன்." சத்தம் போடாமல்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து கட்டுப் போட்ட கையோடு பஸ்ஸில் போனாள். பஸ் மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேர நடை.

அவள் நடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அந்தச் சனியனை மாட்டினேன். இல்லாவிட்டால் முதல் வாரமே தூக்கிப் பரண்மேல் போட்டிருப்பேன்.

மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சை இழுத்தால் சரி, விடுவதுதான் பாடு. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் காற்றெல்லாம் வாய் வழியே ஓடி நாக்கு காய்ந்துவிடும். காலையில் வயிறு நிறையக் காற்று, பத்து மணி வரைக்கும் ஏப்பம். மாஸ்க்கின் மேல் விளிம்பு வழியாகக் கசியும் காற்று நேராகக் கண்ணுக்குள் அடிக்கும். மூக்கு நமைத்தால் மொத்தத்தையும் கழற்றிச் சொறிந்துவிட்டு, திரும்ப மாட்டி, தலையைச் சுற்றிய பட்டைகளைச் சரி செய்வதற்குள் வந்த தூக்கமும் போய்விடும். பழகிடும் பழகிடும் என்றார்கள். எப்போது என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை.

பகலில் உட்கார்ந்தபடி மாட்டிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, டிவி முன்னால் நாற்காலியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோயில்காரர்கள் தெருவுக்குத் தெரு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குச் சொல்ல வந்த பக்கத்துத் தெரு அம்மா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டில் மூன்று பை ஆரஞ்சுப் பழம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பங்குச் சாமியாரே, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் நோயில்பூசுதல் எண்ணெயோடு வந்துவிட்டார். நான் வாசலில் நின்று வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணெய்க் குப்பியை ஜோப்பில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கீங்க," என்று குறைப்பட்ட மாதிரி கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு ஆரஞ்சைக்கூட நான் தொடவில்லை.

இதில் பெரிய தலைவலி கசிவுதான். தினமும் காலையில் மிஷின் திரையில் ஒரு முகம் வரும். மாஸ்க் சரியாகப் பொருந்தியிருந்தால் சிரிக்கும். கசிந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். என்னைப் பார்த்து அது ஒரு நாளும் சிரிக்கவில்லை.

கசிவா? கசிவை எனக்கா சொல்லித்தர வேண்டும்? எங்கள் தொழிலில் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துவைத்து, பழைய டயர் டியூபை வளையமாக வெட்டி அந்த ரப்பரை மாட்டி இறுக்குவோம். அப்புறம்தான் கரைத்த களிமண்ணை உள்ளே ஊற்றுவது. இடுக்கில் களிமண் கசிந்தால் இன்னொரு ரப்பர். அப்போதும் கசிந்தால் மேலே ஒன்று. முப்பது வருஷத்தில் டியூப் ரப்பருக்கு அடங்காத கசிவை நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் எஸ்டேட்டிலிருந்து ஸ்கூட்டர் டியூப் வளையம் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். விளக்கு அணைத்த பிறகு, மாஸ்க்கின் பட்டைகளுக்கு மேலே தலையைச் சுற்றி ஒன்றை மாட்டினேன். பத்தாததற்கு இன்னொன்று. விடிவதற்கு முன் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரைக் கேட்டீங்களா என்பாள். அச்சுக்கு ரப்பர் போடுவதற்கு எந்த டாக்டரைக் கேட்பது?

மூக்குத்தண்டில் தோல் உரிந்தது. கன்னத்தில் பட்டை பட்டையாகத் தழும்பு. எஸ்டேட்டில் சூளை பார்ப்பவர் தினமும் காலையில் என் முகத்தை உற்றுப் பார்ப்பார். "என்னண்ணே, வூட்டுல அண்ணி கை நல்லாயிடுச்சா? வேலை செய்யுது போலிருக்குதே," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் புண்ணின்மேல் மஞ்சளைப் பூசிக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். மாசக் கடைசியில் மிஷின் கம்பெனியிலிருந்து மிஷின்காரர் வருவார், குறிப்பைப் பார்ப்பார், அவள் வண்டியில் ஏறுவாள். அது ஒன்றுதான் கணக்கு. ஒரு நாள்கூட நான் மாஸ்க்கைப் பாதியில் கழற்றவில்லை. அவர் வருவதற்கு முந்தின நாளே வண்டியைத் துடைத்து, பின்சீட்டுக்குப் புது உறையும் போட்டுவைத்தேன். "நாளன்னிக்குப் பஸ்ஸுக்கு ஓடாத," என்று அவளிடம் சொல்லியும்விட்டேன்.

மிஷின்காரர் கடலூரிலிருந்து வந்தார். என் வயது இருக்கும், பொறுமையான ஆள். மிஷினிலிருந்த சின்ன அட்டையை எடுத்துத் தன் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தார். முகம் மாறியது.

"நேரம் நல்லா இருக்குதுங்க சார். ஏழு மணி நேரம் போட்டிருக்கீங்க. ஆனா கசிவுதான் ரொம்ப. முதல் வாரத்துக்கு அப்பறம் இன்னும் ஏறியிருக்குது. மூச்சு நிக்கிறதும் முன்ன மாதிரியேதான் இருக்குது. இதை வச்சு வண்டி ஓட்டலாம்னு நான் சொல்ல முடியாதுங்க."

என் உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு மாசமா மூக்குத்தோலு உரிய உரியப் போட்டிருக்கேன். உங்க மிஷினுதான் தப்பு. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க," என்று கத்தினேன். கோபத்தில் அழுகை வருகிற ஆள் நான். அதை மறைக்க இன்னும் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "போட்டுக் காட்டுங்க சார்," என்றார். ரப்பரைப் பற்றிச் சொல்லாமல், பட்டையை மட்டும் மாட்டிக் காட்டினேன். மிஷினைப் போட்டுவிட்டுக் கையை விளிம்பில் வைத்துத் தடவிப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் பெரிசா கசியலையே," என்றார் குழப்பமாக.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். கையில் இரண்டு டியூப் ரப்பர். "இதையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க," என்றாள்.

எவ்வளவு நாளாக அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. போட்டுக் காட்டினேன். போட்ட மாத்திரத்தில் கண்ணோரம் புஸ்ஸென்று காற்று. மிஷின்காரர் ரப்பரைக் கழற்றி, மாஸ்க்கின் விளிம்பை விரலால் பிரித்துக் காட்டினார்.

"இது ரெண்டு தோலா இருக்குது பாருங்க சார். உள்ள காத்து நெறைஞ்சி, உப்பி, தானா முகத்தோட ஒட்டிக்கணும். நீங்க இறுக்கினா மடங்கிப் போவுது. மடங்கின எடத்துலதான் காத்து ஓடுது. பட்டைக்கு அடியில ஒரு வெரலு போவணும். அவ்ளோதான்."

"இறுக்கினா கசிவு நிக்கணும்," என்றேன்.

"அது அச்சுக்கு," என்றாள் அவள். "இது மூஞ்சி."

மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்குத்தான் போனாள். புது உறை போட்ட சீட்டைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

தளர்த்திப் போட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் நாள் மாஸ்க் நழுவிக் காதுக்குப் போய்விட்டது. இறுக்கிக் கட்டாத எதன்மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் பட்டையை இழுக்கப் போவேன். பக்கத்திலிருந்து அவள் என் கையை எடுத்துக் கீழே வைப்பாள். திட்டிக்கொண்டேதான் படுத்தேன். மூக்குப் புண் ஆறுவதற்குள் மிஷின் திரையில் அந்த முகம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

அடுத்த தடவை மிஷின்காரர் வந்து, குறிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, அவள் சாப்பாட்டுப் பையோடு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள். ஏறி உட்கார்ந்தாள். வண்டியை எடுத்தேன்.

அவள் பேசவில்லை. ரயில்வே கேட் தாண்டியும் பேசவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை பாடுபட்டு ஏற்றியிருக்கிறேன், ஒரு வார்த்தை பேசினால் குறைந்துவிடுவாளா? முட்டைக் கணக்கு சரியாயிற்றா என்று நானே கேட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் அந்தப் பல் பிடுங்கிய நாள் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் ஓயாமல் அவள் பேசியது எதற்கு என்று புரிந்தது. அவள் பேச்சில் நான் முழித்திருந்திருக்கிறேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் தலை என் தோளுக்குக் கீழே வந்து சாய்ந்தது. முதலில் மயக்கம் என்று பயந்தேன். மூச்சு சீராக முதுகில் பட்டது. தூங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் பத்து, பதினைந்து என்று என் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தவள், பட்டப்பகலில் என் வண்டியில் தூங்குகிறாள்.

இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். அவள் வழக்கமாகப் போகிற பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. என் கால் மரத்துப்போனது. அசையவில்லை.

வெகு நேரம் கழித்துத் திடுக்கிட்டு முழித்தாள். வண்டி நிற்பதைப் பார்த்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு இடி விட்டாள்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"