குரைக்கிற நாய்தான் வேண்டும் என்றேன்

ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய் இல்லை. நான் இருக்கிறேன். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறான். பிள்ளை பிறந்த பிறகுதான் வர முடியும்.

அவள் வந்த அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். வலி வந்து கூப்பிட்டு, எனக்குக் கேட்காமல் போனால்?

நான் இருபத்தாறு வருஷம் சங்கு எடுக்கக் கடலுக்கு அடியில் இறங்கினவன். அந்த வேலையில் காது போகும். யாரும் வெளியே சொல்ல மாட்டோம். சொன்னால் படகில் ஏற்ற மாட்டார்கள். சளி என்போம், தண்ணி அடைச்சிருக்கு என்போம். எனக்கு இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் கனத்த சத்தம் மட்டும் விழும். துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அடித்தால் கேட்கும். எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். கடலை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. மறைக்கிற பழக்கம் விடவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் மந்தம் என்றுதான் மகளும் நினைத்திருந்தாள்.

இப்போது கிழிந்த வலைகளைப் பின்னிக் கொடுக்கிறேன். வலை விரிக்க மொட்டை மாடிதான் இடம். அவள் கீழே இருப்பாள். நடுவில் பதினாலு படி. பக்கத்து வீட்டுக்காரர்கள் மீன் ஏலத்துக்கும் உப்பளத்துக்கும் போய்விடுவார்கள். போன் இருக்கிறதே என்று கேட்கலாம். லுங்கி மடிப்பில் போன் நிற்காது. இரண்டு போன் மாடியிலிருந்து விழுந்து போச்சு. மூன்றாவது அலமாரியில் இருக்கிறது.

நாய் வாங்கினால் என்ன என்று தோன்றியது. ஏரலில் ஒரு தம்பி வீட்டிலேயே சின்ன ஜாதி நாய்கள் வளர்த்து விற்கிறான். போனேன்.

"எதுக்கு வேணும் அண்ணாச்சி? காவலுக்கா, பிள்ளைங்க விளையாடவா?"

"சும்மாதான்."

"வீடு எப்படி? படி உண்டா? வெயில் எறங்குமா? பகல்ல நாய் கூட யாரு இருப்பா?"

இத்தனை கேட்பான் என்று நான் நினைக்கவில்லை.

"குரைக்கிற நாயா குடு தம்பி. அது போதும்."

அவன் சிரித்தான். "எல்லாரும் குரைக்காத நாய் கேட்டு வாராவ. நீங்க ஒரு ஆளுதான் இப்படி."

பக் நாய் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. குட்டைக் கால், நீள உடம்போடு டாஷண்ட் ஒன்று. வெள்ளைப் பொமரேனியன் குட்டி மட்டும் என்னைப் பார்த்ததும் குதித்துக் குதித்து வாயைத் திறந்து மூடியது. அந்த வாயைப் பார்த்தே எடுத்தேன். வாய் அவ்வளவு வேலை செய்தால் சத்தம் எனக்கும் விழும் என்று நம்பினேன். கூடையில் வைத்துப் பஸ் ஏறினேன்.

மகளுக்குச் சந்தோஷம். அது குரைப்பது எனக்கு மட்டும் கேட்கவில்லை. குட்டிதானே, வளர்ந்தால் குரல் கனக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்பதையும் யோசித்தேன்.

நாலாம் நாள் மாடியில் வலை பின்னிக்கொண்டிருந்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"எப்பா, நாய் அந்தக் கத்து கத்துச்சே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எந்நேரம்?"

"இப்பத்தான்."

"அது கீழ தூங்குது."

நான் நூலைப் பார்க்கக் குனிந்தேன். அவள் என் முகத்தை நிமிர்த்தினாள்.

"ஒங்க முதுகுக்குப் பின்னால நின்னு ஆறு தரம் கூப்பிட்டேன்பா. ஏழாவதுக்குத்தான் முன்னால வந்தேன்."

"சளி."

"எத்தன வருசமா சளி?"

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். முகம் திரும்பியிருந்ததால் பிறகு என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது, "நாய் எதுக்குன்னு இப்பப் புரியுது. ஏரலுக்குப் போயி உள்ளதச் சொல்லி மாத்திட்டு வாங்க" என்றாள். "சொல்லாட்டி நான் மாமியார் வீட்டுக்கே போயிருதேன்."

மறுநாள் நாயோடு போனேன். அந்த வாசலில் நின்று அதைச் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

"எனக்குக் காது கேக்காது தம்பி. மக மாசமா இருக்கா."

அவன் சிரிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்தக் குட்டி ரெண்டு பஸ் ஏறியிருக்காதே அண்ணாச்சி" என்று அதைக் கையில் வாங்கிக்கொண்டான். "ஒங்களுக்குக் குரைக்கிற நாய் எதுக்கு? தொடுற நாய்லா வேணும்."

மாடி வேலையையும் பதினாலு படியையும் சொன்னேன். பக் வேண்டாம், மொட்டை மாடி வெயில் தாங்காது என்றான். டாஷண்ட் படி ஏறி இறங்கினால் முதுகு கெட்டுப்போகும். குட்டியே வேண்டாம், பழக்க நாள் இல்லை. உள்ளே போய்க் கறுப்பும் பழுப்புமாக ஒல்லி நாய் ஒன்றைக் கூட்டி வந்தான். இரண்டு வயது. விளாத்திகுளத்தில் ஒரு வீட்டில் வளர்ந்தது. அவர்கள் வெளிநாடு போகும்போது திருப்பி விட்டுவிட்டார்களாம்.

"மினியேச்சர் பின்ஷர். பேருதான் நீளம். முடி குட்டை, வெயிலுக்குப் பரவால்ல. ஆளச் சொரண்டிக்கிட்டே இருக்கும். அதுக்காகவே ரெண்டு பேரு வேண்டாம்னுட்டாவ. திரும்பி நில்லுங்க."

நின்றேன். அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கெண்டைக்காலில் நகம் பட்டது. பிறகு லுங்கியை இழுத்தது.

கடலுக்கு அடியில் யாரும் கூப்பிட முடியாது. படகில் இருப்பவன் கயிற்றை இழுப்பான், நாங்கள் மேலே வருவோம். இத்தனை வருஷம் அப்படி ஏறினவனுக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

மகள்தான் பழக்கினாள். "மேல போ" என்பாள். நாய் படியேறி வந்து என்னைச் சுரண்ட வேண்டும். சுரண்டினால் என் கையிலிருந்து உப்புப் போடாமல் அவித்த சாளை மீன். ஒருநாள் சரியாக வரும். ஒருநாள் பாதிப் படியில் காக்கையைப் பார்த்து நின்றுவிடும். ஒன்பதாம் மாதம் பிறந்தும் பத்துக்கு இரண்டு தரம் தவறியது. அந்த இரண்டு தரம் என்னை வேலை பார்க்க விடவில்லை. இரண்டு கண்ணி பின்னுவேன், இறங்கிப் போய்ப் பார்ப்பேன். "என்னப்பா, கூப்பிட்டா வாரதுல்ல, கூப்பிடாட்டி வாரிய" என்று மகள் கேலி செய்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். லுங்கி இழுபட்டது. மீனுக்குத்தான் வந்திருக்கிறது என்று கையால் தட்டிவிட்டேன். விடவில்லை. மீனை நீட்டினேன். தின்னாமல் மறுபடி இழுத்தது.

இறங்கினேன். அவள் கட்டில் காலைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தரை ஈரம். வாயைப் பார்த்தேன். "ஆட்டோ" என்றாள்.

ஆஸ்பத்திரி நடையில் சாயங்காலம் வரை நின்றேன். கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி வந்து என்னைப் பார்த்துப் பேசினாள். வாயை மாஸ்க் மூடியிருந்தது. கண் மட்டும் தெரிந்தது. நல்லதா கெட்டதா, கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்போலத் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை.

"எனக்குக் காது கேக்காது சிஸ்டர். மாஸ்க்க எறக்கிச் சொல்லுங்க."

நடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் இறக்கினாள்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அப்புறம்தான் வீட்டில் நாய் பட்டினியாகக் கிடக்கும் என்ற ஞாபகம் வந்தது.