மாமாவின் திவசத்தில் நண்டுக்கறி

உயிரோடிருந்த என் மாமாவுக்கு நாங்கள் இரண்டு திவசம் செய்து முடித்திருந்தோம். அம்மாவின் ஒரே தம்பி அவர். மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய், சயாம் காட்டில் தண்டவாளம் போடும் முகாமில் அடைத்துவிட்டான். செத்துப்போனார் என்று யாரோ சொன்னதை நம்பி, கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு ஐயரைக் கூப்பிட்டு எல்லாக் கிரியைகளும் செய்தாயிற்று. யுத்தம் முடிந்தபின் பார்த்தால், மனுசன் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நிற்கிறார்!

மறுபடி அந்தத் திவச நாள் நெருங்கியபோது, யாரும் வாய் திறக்கக் கூடாதே என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். திறந்தது மாமாதான்.

"அக்கா, இந்த முறையும் திவசம் செய்வம்."

அம்மாவுக்கு வந்த கோபம்! "வாயைக் கழுவடா! இருக்கிறவனுக்கு ஆரும் படைப்பினமோ? இன்னொருக்கா உன்னைச் சாகக் குடுக்க என்னால ஏலாது" என்று ஓவென்று அழுதுவிட்டார்.

"எனக்கில்லை அக்கா. என்னோட கிடந்து செத்த பொடியளுக்கு. அவங்கட நாள் ஆருக்கும் தெரியாது. என்ர நாளிலயாவது சாப்பிடட்டும்."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, என்ன சமைக்கட்டும் என்று கேட்டார். அடுத்த வில்லங்கம் அதில்தான் வந்தது. முகாமில் பசி தாங்காமல், ஊர்ச் சாப்பாட்டை ஆளுக்காள் சொல்லிச் சொல்லித்தான் நித்திரை கொள்வார்களாம். அவர்கள் கடைசிவரை கேட்டது புட்டும் நண்டுக்கறியும். மரக்கறி தவிர வேறெதுவும் படாத திவசச் சட்டியில் நண்டா! அப்பா "சிவசிவா" என்று காதைப் பொத்தினார். அம்மா அம்மியில் மிளகாய் அரைக்க உட்கார்ந்தார்.

படைத்தபின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பதுதான் வழக்கம். மாமா உள்ளேயே இருந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது: "ஆறுதலாச் சாப்பிடு மச்சான். இங்க ஆரும் அடிக்கமாட்டாங்கள்."

எனக்கோ நண்டுக்கால் மிஞ்சுமோ என்ற கவலை. கதவு திறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். இலைகளில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"மாமா, அவை வரேல்லையோ?"

"வந்தவங்கள் பிள்ளை. வயிறு நிறைஞ்சிட்டுதாம். மிச்சத்தை நீ சாப்பிடு" என்று பெரிய காலாகப் பார்த்து எடுத்துத் தந்தார்.

வந்தவர்களுக்கு அம்மாவின் கறி பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா சுவரைப் பார்த்து நின்று அழுததும் அதற்காகத்தானே! பாவமாக இருந்தது. கிட்டப் போய், "நல்லாத்தான் இருக்கு, அம்மா" என்று தேற்றினேன்.