டச்சஸ் நடத்திய நரி வேட்டை

நாய்க்குச் சோறாக்கிப் போடுவதே உத்தியோகம் என்று ஆனவன் வீட்டுக்கு எந்த விருந்தாளியும் சாப்பிட வரமாட்டான். ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரத் துரைகளின் வேட்டை நாய்ப்பட்டியில் நான்தான் சமையல்காரன், வைத்தியன், மருத்துவச்சி எல்லாம். அடுத்தவர் செல்லங்களுக்கு ஊழியம் செய்து பிழைக்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெயர் சொன்னால்தான் சோறு

நொய்க்கஞ்சியில் இறைச்சியைப் போட்டு வேகவைத்துத் தொட்டியில் கொட்டுவேன். கதவு திறந்திருக்கும், ஆனாலும் ஒரு நாயும் பாயக்கூடாது. பெயரைக் கூப்பிட்டால் அது மட்டும் வரவேண்டும். மெலிந்தது முதலில், கொழுத்தது கடைசியில். இது பெரிய துரையின் சட்டம்.

விறகு கொண்டுவந்த சின்னப்பன் ஒரு நாள் இதை வாய் பிளந்து பார்த்தான். "எங்க ஊட்ல சட்டிய எறக்கறதுக்குள்ள அடிதடி ஆயிடுது. ஒரு வாரம் என் புள்ளைங்கள இங்க உட்டுட்டுப் போட்டுமா அண்ணாத்தே?"

வளர்ப்பு வீடு

பால்குடி மறந்த குட்டிகளைப் பட்டியில் வைத்தால் சீக்கு வரும். அதனால் சுற்றுப்பட்டு வீடுகளில் வளர்க்கக் கொடுத்து, வளர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். டச்சஸ் என்ற பெட்டைக்குட்டி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் குடியிருந்த குப்பம்மாள் வீட்டுக்குப் போயிற்று. பாலும் கூழும் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் கொடுத்தது கருவாட்டுக் குழம்புச் சோறு.

திரும்ப வாங்கப் போன அன்று குப்பம்மாள் சங்கிலியை விடாமல் ஒரே அழுகை. அவள் புருஷன் என் காதோடு சொன்னான்: "பெத்த பொண்ண கட்டிக் குட்த்தப்போ கூட இவ இப்டி அழல நைனா. சீக்கிரமா இட்டுகினு போ. இல்லாங்காட்டி என்ன அனுப்பிட்டு அத்த வெச்சிக்குவா."

ஏரிக்கரையில் விருந்து

வெயில் ஏறினால் நரியின் வாடை போய்விடும். ஆகவே வேட்டை விடியலிலேயே தொடங்கும். டச்சஸுக்கு அதுதான் முதல் வேட்டை. புதருக்குள் மூக்கை நீட்டியவள் திடீரென்று குரல் கொடுத்து ஓட்டமெடுத்தாள். ஒரு நாய் உறுதியாகக் குரைத்தால் மற்றவை அப்படியே நம்பிவிடும். மொத்தக் கூட்டமும் அவள் பின்னால்; அதன் பின்னால் துரைகளின் குதிரைகள்; எல்லாவற்றுக்கும் பின்னால், நாக்குத் தள்ளிக்கொண்டு நான்.

வயல் தாண்டி, ஏரிக்கரை ஏறி, ஓலை வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் நின்ற இடம் குப்பம்மாள் வீட்டு முற்றம். நரியாவது ஒன்றாவது! கருவாட்டுக் குழம்பு அப்போதுதான் இறங்கியிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் சட்டி கவிழ்ந்து நாய்கள் தரையை நக்கிக்கொண்டிருந்தன. பெரிய துரை குதிரையிலிருந்து விழுந்து, கழுத்தில் பூசணிக்கொடியோடு வைக்கோல் போரில் கிடந்தார். குப்பம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டச்சஸைக் கட்டிக்கொண்டாள். "வா கண்ணு! வர்றதுதான் வர்ற, இத்தினி பேர இட்டுகினு வர்றேன்னு சொல்லி அனுப்பக் கூடாதா? கொயம்பு பத்தாதே!"

நரி தின்ற கோழி

கூட்டத்தை வழிகெடுக்கும் நாய்க்குப் பட்டியில் ஒரே தண்டனைதான்: துப்பாக்கி. மறுநாள் காலையில் சுடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். கண் திறக்காத குட்டியாக அவளை மடியில் வைத்திருந்தவன் நான். எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. வளர்த்தவளுக்குத் தெரியாமல் போகக்கூடாதென்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். குப்பம்மாள் இந்த முறை அழவில்லை. துரை எப்போது வருவார் என்று மட்டும் கேட்டாள்.

காலையில் துரை துப்பாக்கியை எடுக்கும்போது, ஒப்பாரி வைத்துக்கொண்டே கூடையோடு வந்து நின்றாள். ஒரு குவியல் கோழி இறகை அள்ளி அவர் காலடியில் போட்டாள். "நேத்து என் ஊட்ல நரி பூந்துச்சு தொரையே! இந்த மவராசி மட்டும் தொரத்திகினு வர்லேன்னா எல்லாக் கோயியும் போயிருக்கும். ஒண்ணோட போச்சு!"

மொழிபெயர்ப்பது என் வேலை. ஒப்பாரி உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னேன். துரையின் முகம் மலர்ந்துவிட்டது. பூசணிக்கொடியோடு கிடந்ததற்கு மற்ற துரைகளிடம் சொல்ல அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்ததே! டச்சஸின் தலையைத் தன் கையாலேயே தடவிக்கொடுத்துவிட்டு, துப்பாக்கியோடு உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் குப்பம்மாள் கூடைக்கடியிலிருந்து ஒரு மூடிய சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நரி துன்னது போக மிச்சம் அண்ணாத்தே. சூடா கீது, துன்னு."

நாய்களுக்குச் சோறு போட்டே கழிந்த என் உத்தியோகத்தில், ஒரு நாய் புண்ணியத்தில் எனக்குக் கிடைத்த சாப்பாடு அது ஒன்றுதான்.