வித்துராவுக்குத் தூது போன தாம்பாளம்

கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரத்து வீட்டு மாடிக்கு ஓர் அமெரிக்க அம்மாள் குடிவரப் போகிறார் என்று தெரிந்ததும் தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். உளவு பார்க்க வருகிறாள் என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் தெருவில் உளவு பார்க்க என்ன இருக்கிறது, யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதா? அதற்கு நீங்களே போதும், அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம்.

வந்தவர் தூதரக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் வேலை சென்னையில், விசா கேட்டு வருகிறவர்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலை. அதற்காக அவர்கள் ஊரிலேயே வகுப்பு வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களாம். வந்த அன்றே என்னிடம், "தங்கள் இல்லத்தில் குடிநீர் எப்பொழுது வரும்?" என்று கேட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் மொட்டைமாடியில் காபி குடித்துக்கொண்டே தன் கதையைச் சொல்வார். சென்னைக்குப் பிறகு ஒரு பாலைவன நாடு, அப்புறம் பனி கொட்டும் ஊர், அப்புறம் கலவரம் வெடித்து ஒரே பெட்டியோடு கிளம்பிய ஊர். பூனையைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு வந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மும். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மந்திரிகளை ஒரே விருந்தில் எதிரெதிரே உட்காரவைக்க வேண்டி வந்ததாம். நடுவில் ஆளுயரப் பூச்சாடியை வைத்துச் சமாளித்தாராம்.

ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. எதற்கும் ஆமாம் இல்லை என்று பட்டென்று சொல்லமாட்டார். ஒருநாள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். எப்படி இருக்கு என்று கேட்டால், "மிகவும் சுவாரசியமான சாம்பார்" என்கிறார். அடக் கடவுளே! இப்படி ஒரு மனுஷி எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு ஆயுசையே ஓட்டியிருக்கிறாரே என்று மலைப்பாக இருந்தது.

அப்போதுதான் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பக்கத்துக் கரமனை அக்கிரகாரத்துப் பையன். பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைப் பழவங்காடி பிள்ளையார் காலடியில் வைத்துத் தேங்காய் உடைத்தோம். அடுத்தது என் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். பெண்ணைப் பெற்றவள் தாம்பாளத்தில் குங்குமம், வெற்றிலைபாக்கு, தேங்காயோடு உடன்பிறந்தவன் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைப்பதுதான் எங்கள் முறை. நான் என்ன செய்தேன்? நம்ம தம்பிதானே என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பத்திரிகையைப் போட்டுவிட்டு, "பாத்துக்கோடா" என்று போனும் போட்டுவிட்டேன். தம்பி அன்றைக்கே குரூப்பைவிட்டு வெளியேறினான். போனையும் எடுக்கவில்லை.

எனக்கு இருப்பது ஒரே தம்பி. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டியவன் தாய்மாமன். என் பெண் குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவன் தோளில் ஏறி வளர்ந்தவள். "மாமா வரலேன்னா நான் மாலையே மாத்தமாட்டேம்மா" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அவன் வராமல் ஒரு கல்யாணமா என்று எனக்கும் இருந்தது. ஆனால் நான் மூத்தவள், அவனிடம் போய் நானா கெஞ்சுவது? எனக்கும் வீம்பு பிடித்துக்கொண்டது.

"நான் போய்ப் பேசட்டுமா? இதுதானே என் தொழில்" என்றார் மாடி அம்மாள்.

மலையடிவாரத்து வித்துராவில் தம்பிக்கு மிளகு, பாக்கு வாங்கி விற்கும் கடை. வாடகைக் காரில் கிளம்பினோம். முறை தவறக் கூடாது என்று அந்த அம்மாள் தாம்பாளத்தைத் தானே அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வளைவு வளைவான ரோட்டில் ஒரு வெற்றிலைகூட நகரவில்லை. நான் கடைக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மட்டும் ரோட்டைக் கடந்து போனார்.

ஒன்றை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். என் தம்பி இளவட்டமாக இருந்தபோது அமெரிக்காவில் ஏதோ ஒரு கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சென்னைக்குப் போய் விசா கேட்டான். ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி நாலு கேள்வி கேட்டு இல்லையென்று அனுப்பிவிட்டாள். அந்தக் கோபத்தை அவன் இன்றுவரை ஊறுகாய் போட்டு வைத்திருந்தான்.

பேக்கரியிலிருந்து பார்த்தால் நடப்பது தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை. முதலில் எழுந்து கும்பிட்டான். அந்த அம்மாள் ஏதோ சொன்னார். சட்டென்று தம்பி கல்லாவுக்குப் பின்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். அவரைத் தாம்பாளமும் கையுமாக நிற்கவைத்தே பேசினான். எனக்கு வாயில் இருந்த பழம்பொரி பஜ்ஜி இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் முகமெல்லாம் சிவந்து, தாம்பாளத்தோடு திரும்பி வந்தார். பார்த்தால் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

சென்னையில் விசா அதிகாரியாக இருந்தேன் என்று அறிமுகம் செய்துகொண்டாராம். "எந்தக் காலத்துல?" என்று கேட்டிருக்கிறான். சொன்னாராம். "அப்போ எனக்கு இல்லேன்னு சொன்னது நீங்கதானா?" "நானாக இருந்திருக்கலாம்" என்றாராம் இவர். உடனே என் தம்பி இன்டர்வியூவை ஆரம்பித்துவிட்டான்.

"எதுக்கு வந்திருக்கேள்?"

"திருமணத்திற்கு அழைக்க."

"எவ்வளவு நேரம் தங்கறதா உத்தேசம்?"

"ஒரு மணி நேரம்."

"திரும்பிப் போயிடுவேள்னு என்ன நிச்சயம்? ஊர்ல சொந்த வீடு உண்டா?"

"வாடகை வீடு."

"குடும்பம்?"

"இல்லை."

"அப்போ திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லையே. மன்னிக்கணும், உங்க விண்ணப்பத்துக்குத் தகுதியில்லே. அடுத்தது யாரு, வாங்கோ!"

அடுத்தது என்று அங்கே ஒரு ஆடுதான் நின்றதாம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் மெல்லச் சிரிப்பை நிறுத்தினார். "குடும்பம் உண்டா என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இன்றுதான் முதல் முறையாகப் பதில் சொன்னேன்" என்றார். பிறகு தாம்பாளத்தை என் பக்கம் நகர்த்தினார். "உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. இதை நீட்ட வேண்டியது என் கை இல்லை. நேரில் வந்து அழைக்கவில்லை என்று என்மேல் கோபித்துக்கொள்ள எனக்கு உலகத்தில் ஒருவர்கூடக் கிடையாது. உங்களுக்கு எதிர்க்கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். போங்கள்."

முதல் தடவையாக அவர் ஒன்றைப் பட்டென்று சொன்னார். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். கெஞ்சினேன் என்று நினைக்காதீர்கள். வகுப்பில் கத்திப் பழகிய குரலை முழுசாகத் திறந்துவிட்டேன்.

"ஏண்டா, ஆத்துக்கு வந்த மனுஷாளை நிக்கவச்சா பேசறே? ஒனக்கு யாருடா இந்தப் புத்தி சொல்லிக்குடுத்தா?"

"நீ மட்டும் செஞ்சது கொள்ளாமா, நன்னாயிருக்கா? போட்டோ அனுப்பறயாக்கும் போட்டோ! பால்காரனுக்கும் எனக்கும் ஒரே போட்டோ!"

"போனும் போட்டேனே!"

"போன்லயாடி குங்குமம் வப்பா?"

மிளகு எடைபோட வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேக்கரிக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். நாங்கள் இருவரும் அப்பா காலத்துச் சண்டை வரை தோண்டி எடுத்துக் கத்தினோம். சத்தியமாகச் சொல்கிறேன், எவ்வளவு சுகமாக இருந்தது! கத்தக் கத்த அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து தம்பி பெண்டாட்டி ஓடிவந்தாள்.

"அக்கா, இவர் பேச்சை விடுங்கோ. கல்யாணம் நிச்சயமான நாள்லேந்து காலம்பற எழுந்து மிளகு மூட்டையைத் தோள்ல வச்சுண்டு முற்றத்தைச் சுத்தி சுத்தி வரார். கேட்டா, பொண்ணு இப்போ கொஞ்சம் பூசினாப்பல இருக்கா, தூக்கிப் பழகணும்கறார்."

தம்பி கூரையைப் பார்த்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தாம்பாளத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "வெயில்ல நிக்காதே, உள்ள வா" என்றான். பிறகு பேக்கரியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "அந்த மேடத்தையும் கூப்பிடு. விசா குடுத்தாச்சு!" அன்று தன் கையாலேயே சமைத்து எங்களுக்குப் போட்டான். அந்த அம்மாள் மோர்க்குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, "பிரமாதம்" என்றார். சுவாரசியம் என்று சொல்லவில்லை.

கல்யாணத்தன்று மாலை மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா நல்ல உயரம். பையனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போனார், என் பெண்ணின் மாலை எட்டவேயில்லை. தம்பி மூச்சு வாங்கப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு பாய்ந்தான். ஒரு பக்கம் சரிந்தாள். "யாராவது காலைப் பிடிங்கோ!" என்று கத்தினான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடியது மாடி அம்மாள்தான். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு, மறு கையால் பெண்ணின் காலைத் தாங்கிப் பிடித்து, "விடாதே! முன்னால் போ! போடு மாலையை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாலை விழுந்தது. மண்டபமே ஆர்ப்பரித்தது. தம்பியும் அவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அவரிடம் வந்து, எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் மரியாதையாக விசாரித்தார். அந்த அம்மாளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, என் தம்பிக்குப் பக்கத்தில் நின்றபடி பதில் சொன்னார்:

"நாங்க பொண்ணாத்துக்காரா."