வட்டத்துக்கு அடியில் பதினோரு பேர்

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே ஆறு அடி நடந்து, சுவரில் முதுகு இடித்ததும் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார் புள்ளி மேடம். ஏதோ பிடிபடவில்லை. திரும்ப வந்து ஒரு வட்டத்தை நூலளவு சிறிதாக்கிவிட்டு மறுபடியும் ஆறு அடி. காலையிலிருந்து இது பதினேழாவது நடை. அவர் முதுகு படுகிற இடத்தில் சுவர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பக்கத்து மேசையில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவர், "இன்னும் ரெண்டு வருஷத்துல ஓட்டை விழுந்துடும் மேடம், நீங்க அப்படியே அடுத்த ரூமுக்குப் போயிடலாம்" என்கிறார். மேடம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நகரப் பேருந்து அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவர் அறை. ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க யாராவது ஒரு பேருந்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்கள். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஒரு பிரிவு எண்ணிக் கொடுக்கிறது. எந்தத் தடத்தில் வண்டி ஓட வேண்டும் என்று வழித்தடக் குழு முடிவு செய்கிறது. இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, எண்ணாக வந்ததைப் புள்ளியாக்கி, அதற்கு என்ன நிறம், என்ன அளவு, என்ன வடிவம் என்று பார்த்துப் பார்த்து மேப்பில் வைப்பது மேடத்தின் உத்தியோகம். "புள்ளிக்கு உடுப்பு போட்டு விடுறேன்" என்பார். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவருடைய மாமியார், "ஏதோ கம்ப்யூட்டர்ல புள்ளி வைக்கிறா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவார். வேலை பிடிக்காமல் இல்லை; மேற்கொண்டு கேட்டால் சொல்லத் தெரியாது என்ற பயம்தான்.

சிவப்பு விஷயத்தில் மேடம் மகா கஞ்சம். மேலாளருக்கு எல்லாமே சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்பது அவர் கட்சி. "எல்லாம் சிவப்பா இருந்தா எதுவுமே சிவப்பு இல்ல சார்" என்று மேடம் மல்லுக்கு நிற்பார். போன வருஷம் முழுக்க நான்கே நான்கு புள்ளிகளுக்குத்தான் சிவப்பு கொடுத்தார். நான்கும் கூரை சரிந்து விழும் நிலையில் இருந்த நிழற்குடைகள். படங்களும் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குட்டிப் பேருந்துப் படம் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். போட்டுக் காட்டினார். அறுநூறு பேருந்துகள் முட்டி மோதிக்கொண்டு நின்றன, ஊரைக் காணோம். அதோடு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அட்டவணைக்காரர்தான் அவருக்குப் பரிசோதனைக் கூடம். ஒரு நாள் பச்சையில் பாதி, பழுப்பில் பாதியாகப் புள்ளிகள் வைத்து, எது நல்லாயிருக்கு என்று கேட்டபோது, "எல்லாம் ஒரே கலராத்தானே இருக்கு?" என்றார் மனிதர். ஐம்பத்தோரு வயது வரை தனக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. மனைவி எடுத்துக் கொடுக்கிற சட்டையை இத்தனை வருஷமாகக் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து எந்த மேப்பும் அவர் பார்த்துத் தலையாட்டாமல் வெளியே போகாது. அவருக்கும் அதில் ஒரு பெருமிதம் உண்டு.

இந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது என்பதுதான் வில்லங்கம். கணவர் தச்சு வேலை செய்கிறவர், சாதுவான ஆள். அவருடைய அக்கா, அதாவது மேடத்தின் நாத்தனார், இரண்டு வருஷத்துக்கு முன்பு கூடத்துக்குப் புதிதாக வண்ணம் அடித்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மற்றவர்கள் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேடம் மட்டும் எதிர்ச் சுவர் வரை பின்னால் நடந்துபோய், ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சுவர் கத்துது அண்ணி" என்றார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. நல்லது கெட்டதில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் தண்ணீர்ச் செம்பு கூட மூன்றாவது ஆள் கை வழியாகத்தான் போகும்.

சென்ற மாதம் அந்த நாத்தனார் தம்பிக்குப் போன் செய்தார். பதினான்காம் எண் பேருந்து இனி மேட்டுத் தெருவைச் சுற்றாது, சந்தை முக்கிலிருந்து நேராகப் போய்விடும் என்று நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மேட்டின் மேல் இருக்கும் முதியோர் விடுதியில், சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. முழங்கால் தேய்ந்துபோனவர், வண்டி வாசல் வரை போவதால்தான் வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். வண்டி நின்றால் வேலையும் நின்றது. குழு எதை வைத்து முடிவு செய்தது என்று விசாரித்திருக்கிறார். மேப்பை வைத்து என்று பதில் வந்திருக்கிறது. மேப் யார் போட்டது என்பதை அவருக்குச் சொல்லவா வேண்டும்?

"உன் பொண்டாட்டி என் ஸ்டாப்பையே அழிச்சுட்டா" என்றாராம் தம்பியிடம். "சுவரைச் சொன்னா, பொறுத்துக்கிட்டேன். இப்ப காலையே வாங்கப் பாக்குறா."

கணவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. அந்த நிறுத்தத்துக்குத் தன் கையாலேயே புள்ளி வைத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் அட்டவணைக்காரர் வருவதற்கு முன்பே அலுவலகம் போய், குழுவுக்குக் கொடுத்த மேப்பின் நகலை மேசையில் விரித்தார், நாத்தனார் வாயை அடைப்பதற்காகத்தான். மேட்டுத் தெருவின் வளைவில் விரலை ஓட்டினார். புள்ளி இல்லை. மறுபடி ஓட்டினார், இல்லை. திரையில் அதே மேப்பைத் திறந்து, சந்தை முக்கின் பெரிய வட்டத்தைப் பிடித்து நகர்த்தினார். அதற்கு அடியில் கடுகு மாதிரி உட்கார்ந்திருந்தது, நாளொன்றுக்குப் பதினோரு பேர் ஏறும் மேட்டுத் தெரு நிறுத்தம்.

கணினி தன் போக்கில் பட்டியல் வரிசைப்படி வட்டங்களை வரைந்துகொண்டே போகும். பின்னால் வருவது முன்னால் வந்ததன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் பெரியதை முதலில் வரை, சிறியதைக் கடைசியில் வரை என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் இது பால பாடம், மேடமே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்று அச்சுக்குப் போகும் நேரத்தில், குழுக் கூட்டத்தில் கடைசியில் உட்காருகிறவர்களுக்கும் தெரியும்படி வட்டங்களைப் பெரிதாக்கச் சொன்னார் மேலாளர். மேடம் புதுப் பட்டியலை ஏற்றி, எல்லாவற்றையும் பெரிதாக்கி, அச்சுக்கு அனுப்பினார். வரிசையைத் திரும்பச் சொல்லி வைக்க மறந்துபோனார். அவசரத்தில் அன்று எழுந்து ஆறடி நடக்கவும் இல்லை. குழுவில் இருந்தவர்கள் வெறும் வளைவைப் பார்த்தார்கள். இங்கே ஒன்றுமே இல்லையே, வண்டி எதற்குச் சுற்ற வேண்டும் என்று கோட்டை நேராக்கிவிட்டார்கள்.

மத்தியானம் மேடம் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே சந்தை முக்குக்குப் போனார். அங்கிருந்து மேட்டுத் தெரு நிறுத்தம் மேப்பில் நூற்றைம்பது மீட்டர், அவ்வளவுதான். நேரில் அது தொண்ணூற்றிரண்டு படிகள். எண்ணிக்கொண்டே ஏறினார். அறுபதாவது படியில் ஒரு ஆள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேடம் அவருக்குக் கை கொடுக்கலாமா என்று நினைத்தார், வெட்கமாக இருந்தது, கொடுக்கவில்லை.

மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னார். அடுத்த வாரம் பயணிகள் கூட்டம் இருக்கிறது, அங்கே குழுத் தலைவியும் வருகிறார், புது மேப்பை மாட்டிப் பார்ப்போம் என்றார் மேலாளர். அவர் கெட்டவர் அல்ல. "ஏன் விட்டுப்போச்சுன்னு கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். நீங்க வாயைத் திறக்க வேணாம்" என்றார்.

அது எவ்வளவு வசதியான பதில் என்று ஒரு வாரமும் மேடம் யோசித்துப் பார்த்தார். மெஷின் மேல் பழியைப் போட்டால் நாத்தனாரின் குற்றச்சாட்டு புஸ்ஸென்று போய்விடும், வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கலாம். உண்மையைச் சொன்னால், அவளே ஒத்துக்கொண்டாள் என்று நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். கணவரிடம் கேட்டார். "உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் இழைப்புளியைத் தீட்டப் போய்விட்டார். இந்த மாதிரி நேரத்தில் அவரை நம்பிப் பிரயோஜனமில்லை.

புது மேப்பில் மேட்டுத் தெருப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை வந்தது. ஒரு நொடி வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினோரு பேருக்கு உண்டான அளவிலேயே விட்டார்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில், சலவைப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேருக்கு நடுவே, நாத்தனார் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குழுத் தலைவி புது மேப்பின் அருகே வந்து, கண்ணைச் சுருக்கி, இந்தப் புள்ளி போன தடவை ஏன் இல்லை என்று கேட்டார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வந்து மேடம், மெஷின்ல" என்று ஆரம்பித்தார்.

புள்ளி மேடம் எழுந்து வந்து, மேட்டுத் தெரு நிறுத்தத்தின் மேல் கட்டை விரலை வைத்தார். புள்ளி மறைந்துபோனது.

"மெஷின் இல்லம்மா, நான்தான். பெருசைக் கடைசியா வரைய விட்டுட்டேன். அது இப்படி மேல வந்து உக்காந்துடுச்சு." "அடியில பதினோரு பேர் இருந்தாங்க."

விரலை எடுத்தார்.

சந்தை முக்கிலிருந்து மேலே ஏறப் படிகள் எத்தனை என்று தலைவி கேட்டார். தொண்ணூற்றிரண்டு என்றார் மேடம். அடுத்த கணக்கெடுப்பு வரை வண்டி பழையபடியே மேட்டுத் தெருவைச் சுற்றட்டும் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும்போது மூன்றாவது வரிசையிலிருந்து நாத்தனார் எழுந்து, ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு மேப்பிடம் வந்தார். மேடத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணி என்று கூப்பிட வாயெடுத்தார். நாத்தனார் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்தார்.

"தள்ளி நில்லு. மறைக்குது."

இரண்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. மேடம் சட்டென்று ஓரமாக நகர்ந்து, சுருண்டு வந்த மேப்பின் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்து, அவர் பார்த்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.